நகத்தளவு தேரை ஒன்று கிடைத்திருக்கிறது: என்ன இனம், எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஜூன் 2, மாலை

செடித்தொட்டியை நகர்த்தியபோது அடியில் இது உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம், முதுகில் பொடிப்பொடியாக மேடு. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் ஊற்றி விட்டிருக்கிறேன். ரொட்டித்தூள் போட்டேன், தொடவில்லை. மகள் வளர்க்கலாம் என்கிறாள். இது தேரையா, தவளையா? என்ன சாப்பிடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

ரொட்டித்தூளை முதலில் எடுத்துவிடுங்கள். அசையாத எதையும் இது உணவாகப் பார்க்காது. ஈரத்தில் ஊறிய ரொட்டி சீக்கிரமே பூசணம் பிடிக்கும், அவ்வளவுதான் பலன்.

தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். ஏறி உட்கார இடமில்லாத வழுவழு டப்பாவில் இவ்வளவு சின்ன உயிர் களைத்து மூழ்கிப் போகும். வாசனையும் சாயமும் இல்லாத டிஷ்யூ தாளை நனைத்து, லேசாகப் பிழிந்து, அடியில் விரியுங்கள். மேலே இரண்டு காய்ந்த இலை போட்டால் ஒளிந்துகொள்ளும். மூடியில் ஊசித்துளைகள் போதும். பெரிய துளை போட்டால் காலையில் டப்பா காலியாக இருக்கும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடிய டப்பா வெயிலில் இருந்தால் சில நிமிடங்களே போதும், உள்ளே இருப்பது செத்துவிடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் கலக்கும் ஊர் என்றால் திறந்து வைத்துப் பயனில்லை. மீன்தொட்டிக்கு ஊற்றும் குளோரின் நீக்கி மருந்து வேண்டும். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதுவும் நல்லது.

இனம் எது என்பதை நாளைக்குப் பார்ப்போம். இன்றிரவு அதன் தோல் காயாமல் இருக்க வேண்டும், அதுதான் அவசரம். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. உள்ளே எதை விடலாம் என்று தேர்வு செய்ய அந்தத் தோலுக்குத் தெரியாது. சோப்பு, கொசு விரட்டி, சானிடைசர் எது உங்கள் கையில் இருந்தாலும் அதற்குள் போகும். எனவே கையால் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரக் கையோடு எடுங்கள். அதைவிட ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்துப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிடுவது எளிது.

ஜூன் 3, காலை

இப்போது படங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் தலை மட்டும் ஒன்று, பின்காலின் விரல்கள் ஒன்று. வயிற்றுப் பக்கம் வேண்டும் என்றால் புரட்டிப் போடாதீர்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு அடியிலிருந்து எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்தால் ரொம்ப உதவி. நிறத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். காலையில் சாம்பலாக இருந்தது ஈரமண்ணில் உட்கார்ந்தால் கரும்பழுப்பாக மாறும்.

படம் வரும் வரை எதை எல்லாம் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், நீங்களே பார்க்கலாம்.

கண்ணுக்குப் பின்னால் தோள் பக்கமாக நீளவாக்கில் ஒரு புடைப்பு இருக்கிறதா? அது பரோட்டாய்டு எனும் நச்சுச் சுரப்பி. வளர்ந்த தேரையை அடையாளம் காண இதைவிட நல்ல குறி இல்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் அளவுக்குக் குட்டியான தேரையில் அது சரியாகத் தெரியாது. எனவே 'சுரப்பி இல்லை, ஆகவே தவளை' என்று முடிவு கட்டக் கூடாது.

பின்காலை மடித்து உட்கார்ந்திருக்கும்போது கால் எவ்வளவு நீளம்? தேரைக்குக் குட்டைக் கால். சின்னச் சின்னத் தத்தலாகப் போகும், சில இனங்கள் நடக்கவே செய்யும். ஐரோப்பாவின் நாட்டர்ஜாக் தேரை எலி மாதிரி ஓடும், முதுகில் நடுவே மஞ்சள் கோடும் இருக்கும். நீளக் காலும் கூரான முகமும் இருந்து, தொட்டவுடன் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு தாவினால் தவளைப் பக்கம் யோசிக்கலாம்.

விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் மரத்தவளை வகை. கண்ணாடிச் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்பாதத்தில் கறுப்பாக, விளிம்பு கூராக, மண்வெட்டி போல ஒரு மேடும் செங்குத்தான கண்மணியும் இருந்தால் ஸ்பேட்ஃபுட் எனும் மண் தோண்டும் கூட்டம். தேரைக்குக் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். அடிவயிறு சிவப்பாகவோ மஞ்சளாகவோ கறுப்புத் திட்டுகளோடு பளிச்சென்று இருந்தால் நெருப்பு வயிற்றுத் தேரை. அதைத் தொட்ட கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள்.

சொரசொரப்பான தோல் மட்டும் எதையும் நிரூபிக்காது. வட அமெரிக்காவின் ஆக்ரிஸ் தவளைகள் 4 சென்டிமீட்டரைத் தாண்டாது, முதுகெல்லாம் சொரசொரப்பு, ஆனால் தேரைக் குடும்பமே இல்லை.

ஜூன் 3, மதியம்

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. சின்னது என்பதாலேயே குட்டி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓக் தேரை என்று ஒரு வகை உண்டு, முழுதாக வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். மைக்ரோஹைலா எனும் குறுவாய்த் தவளைகளில் பலவும் அதே அளவோடு நின்றுவிடும். 2012இல் பாப்புவா நியூ கினியிலிருந்து விவரிக்கப்பட்ட பீடோஃபிரைனி அமாவென்சிஸ் எனும் தவளை சராசரியாக 7.7 மில்லிமீட்டர்தான், அதுவும் வளர்ந்த பிறகு.

இது ஏன் முக்கியம் என்றால், உணவே மாறிப்போகும். குறுவாய்த் தவளைக்குக் குண்டு உடல், ஊசியாகக் குறுகிய தலை. எறும்பும் கரையானும்தான் அதன் வாய்க்கு ஏற்றவை. 'குட்டித் தேரைதானே, வளர்ந்துவிடும்' என்று வாரம் ஒரு சுற்று பெரிய பூச்சியாகப் போட்டுக்கொண்டே போனால் அது பட்டினி கிடக்கும், வளரவும் வளராது.

ஜூன் 5

படங்கள் பார்த்தேன். தலையைப் பக்கவாட்டில் எடுத்த படம் அருமை. கண்ணுக்கு மேலே மெல்லிய எலும்பு வரப்பு ஓடுகிறது. முகம் மழுங்கல். விரல் நுனியில் தட்டு இல்லை. கால் குட்டை. முதுகு மேடுகள் தனித்தனி உருண்டையாக இருக்கின்றன, நீள மடிப்பாக இல்லை. அளவுகோலில் 2 சென்டிமீட்டர் பக்கம். பரோட்டாய்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சன்னமான திரட்சி, அவ்வளவுதான்.

பூஃபோனிடே, அதாவது உண்மைத் தேரைக் குடும்பம். அதில் ஒரு குட்டி. இதுவரை உறுதியாகச் சொல்வேன். இனம் வரை போக, உங்கள் பகுதியில் என்னென்ன தேரைகள் உண்டு என்ற பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் ஒரே இடத்துத் தேரை இனங்கள் இரண்டு ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்கத் தேரையையும் ஃபவுலர் தேரையையும் பிரிக்க, முதுகின் கரும்புள்ளி ஒன்றுக்குள் எத்தனை மேடு என்று எண்ணுவார்கள்: ஒன்றிரண்டு என்றால் முன்னது, மூன்றும் அதற்கு மேலும் என்றால் பின்னது. பரோட்டாய்டு கண்வரப்பைத் தொடுகிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டுமே வளர்ந்த தேரையில்தான் தெளிவாகத் தெரியும். ஆசியத் தேரை வளர்ந்துவிட்டால் சிக்கலே இல்லை, தலை வரப்பெல்லாம் மை தீட்டியதுபோல் கறுத்திருக்கும்.

'தேரை என்று தெரிந்தாயிற்றே, அப்புறம் எதற்கு இனம்' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் கொண்டுவந்த கரும்புத் தேரை அங்கே பெருந்தொல்லையாகிவிட்டது. அதைக் கொல்வதாக நினைத்து அந்த மண்ணின் தவளைகளையே மக்கள் அடித்துப் போடுகிறார்கள். வந்தேறித் தேரை ஒன்றை நல்லெண்ணத்தோடு புது இடத்தில் விட்டாலும் கேடு அதே அளவு. சில நாடுகளில் காட்டுத் தவளை, தேரையைப் பிடித்து வைப்பதே குற்றம், சிலவற்றில் சில இனங்களுக்கு மட்டும் தடை. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். எதற்கும் பெயர் வேண்டும்.

ஜூன் 6

உணவு. இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிடித்துவரப்பட்ட குட்டித் தேரைகள் பெரும்பாலும் சாவது இங்கேதான். நானும் பார்த்திருக்கிறேன். டப்பா சுத்தம், ஈரம் சரி, எல்லாம் சரி. வாய்க்குள் நுழையும் அளவுக்குப் பூச்சி மட்டும் கிடைக்காது.

இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். உங்கள் தேரைக்கு அது சில மில்லிமீட்டர். அப்படியென்றால் இறக்கையில்லாத பழ ஈ, ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் நுண்பூச்சி, இப்போதுதான் பொரித்த சுவர்க்கோழிக் குஞ்சு, அசுவினி, சின்னக் கரையான். பழ ஈயில் மெலனோகாஸ்டர் 2 மில்லிமீட்டர் அளவு, ஹைடி கொஞ்சம் பெரிது. இந்த வயதுக்கு முன்னதுதான் வசதி. மருந்து அடிக்காத இடத்து இலைச்சருகை வெள்ளைத் தாளின்மேல் உதறினால் நிறைய நுண்பூச்சி விழும். அதை அப்படியே டப்பாவுக்குள் தட்டிவிடலாம். ஸ்பிரிங்டெயில் ஈரமண்ணில் தானே பெருகும், பூசணத்தையும் தின்று தீர்க்கும், எனவே அதை டப்பாவிலேயே குடிவைத்துவிடுவது என் வழக்கம்.

வளர்ந்த தேரை வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. தினமும் வேண்டும், அதுவும் பலமுறை கொத்தித் தின்னும் அளவுக்கு வேண்டும். வயிறு உருண்டு இருந்தால் சரி. பின்முதுகின் எலும்பு மேடு துருத்திக்கொண்டு தெரிந்தால் தாமதிக்காதீர்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மின்மினிப் பூச்சி கூடவே கூடாது. அதன் நச்சும் தேரையின் நச்சும் வேதியியலில் ஒரே வகை என்றாலும், மின்மினியின் நச்சு பல சின்ன விலங்குகளைக் கொன்றிருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் இது இல்லை. கம்பளிப்புழு, தேனீ, ஓடு தடித்த வண்டு இவையும் வேண்டாம். வெடிகுண்டு வண்டு என்று ஒன்று, சூடான ரசாயனத்தைப் பீய்ச்சும். அதை விழுங்கிய ஜப்பானியத் தேரைகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. 43 சதவீதத் தேரைகள் வண்டை வாந்தியெடுத்துவிட்டன. விழுங்கி 12 நிமிடம் முதல் 107 நிமிடம் வரை கழித்து! வெளியே வந்த வண்டுகள் அத்தனையும் உயிரோடு நடந்துபோயின.

வாரத்தில் இரண்டு மூன்று முறை பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள், ஒருமுறை வைட்டமின் டி3 கலந்த பொடி. கால்சியம் குறைந்தால் எலும்பு வளைந்து தாடை மென்மையாகிவிடும். வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கு நுனியின் ஒட்டும் திறன் கெட்டு, தேரை குறிபார்த்து நாக்கை வீசும், ஆனால் பூச்சி ஒட்டாது. அமெரிக்காவின் வயோமிங் தேரைகளைக் காப்பிடத்தில் வளர்த்தவர்கள் இந்தக் கோளாறை அதிகம் பார்த்திருக்கிறார்கள். வேட்டையாடுகிறது, ஆனால் மெலிகிறது என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

ஜூன் 6, இரவு

'இடுக்கியில் பிடித்துக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி ஆட்டினீர்கள்? யோர்க்-பேட்டர் ஏவர்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தேரையின் முன்னால் வெறும் அட்டைப் பட்டைகளை நகர்த்திப் பார்த்தார். பட்டை தன் நீளவாக்கில் ஊர்ந்தால் தேரைக்கு அது புழு, பாய்ந்து கொத்தும். அதே பட்டையை நிமிர்த்தி நிறுத்தி, அதே வேகத்தில், அதே திசையில் நகர்த்தினால் கண்டுகொள்ளாது, சில நேரம் பின்வாங்கும். எனவே புழுவை நட்டுக்குத்தலாகத் தொங்கவிட்டு ஆட்டாதீர்கள். தரையோடு படுக்கவைத்து, தலை முன்னே போகும்படி மெல்ல இழுங்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இடுக்கியால் ஊட்டுவது எவ்வளவோ எளிதாகிவிட்டது.

ஜூன் 7

உங்கள் மகளின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: சாப்பிடும்போது ஏன் கண்ணை மூடுகிறது?

கண்ணை மூடுவது மட்டுமில்லை, கண் உருண்டையே தலைக்குள் இறங்குகிறது. தேரைக்குப் பல் கிடையாது. இறங்கும் கண் உருண்டைகள் வாயின் மேற்கூரையை அழுத்தி, இரையைத் தொண்டைப் பக்கம் தள்ள உதவுகின்றன. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அது பெரிதாகக் கொட்டாவி விட்டு, முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொள்வதையும் பார்ப்பாள். பழைய தோலை உரித்து, வாய்க்குள் இழுத்துத் தின்கிறது என்று அர்த்தம். நோய் இல்லை, பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் மட்டும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஜூன் 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: 'கல்லுக்குள் இருக்கும் தேரைக்கே படியளக்கிறவன் இருக்கிறான், இதற்கு எதற்கு இவ்வளவு கவலை, தேரை காற்றும் உணவும் இல்லாமல் வருடக்கணக்கில் வாழும்.'

அந்த நம்பிக்கையை ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். வில்லியம் பக்லண்ட், இங்கிலாந்துப் புவியியலாளர். 1825 நவம்பரில் சுண்ணாம்புக் கல்லிலும் மணற்கல்லிலும் அறைகள் குடைந்து, 24 தேரைகளை ஆளுக்கோர் அறையில் வைத்து மூடி, தன் தோட்டத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டினார். நெருக்கமான மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. நுண்துளை நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் பல உயிரோடு இருந்தன. திரும்பவும் மூடி வைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் இல்லை.

எனக்கு அந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. ஆனாலும் பதில் தெளிவு. வளர்ந்த தேரை அசையாமல், குளிர்ந்த இடத்தில், கொஞ்சம் காற்றும் ஈரமும் இருந்தால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். காற்றே இல்லாமல், உணவே இல்லாமல் எந்தத் தேரையும் வாழாது. 2 சென்டிமீட்டர் குட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டப்பாவில் விட்டு ஊருக்குப் போய்வரலாம் என்று யாரும் இதைப் படித்து முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

ஜூன் 10

கையில் எடுத்தவுடன் சிறுநீர் விட்டதாம். அது நச்சு இல்லை, பெரும்பாலும் வெறும் தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் அதன் சேமிப்பு. தேரைகள் சிறுநீர்ப்பையில் நீரைத் தேக்கி வைத்து, வறண்ட நேரத்தில் உடலுக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பயத்தில் கொட்டிவிட்டால் அந்த இருப்பு போயிற்று. அப்படி நடந்தால் உடனே ஆழமில்லாத தட்டில், கால் மட்டும் நனையும் அளவு தண்ணீரில் சிறிது நேரம் உட்கார விடுங்கள். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், உப்புச்சத்து எதுவுமே இல்லாத நீர் அதன் உடல் உப்பை வெளியே இழுக்கும்.

மரு வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. மனிதருக்கு மரு வருவது ஒரு வைரஸால், தேரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தேரையின் உண்மையான நச்சு பரோட்டாய்டிலும் முதுகு மேடுகளிலும் சுரக்கும் பாலில் இருக்கிறது. அதில் உள்ள பூஃபாடையினொலைடுகள் இதயத் தசையின் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை முடக்கும். கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. கண்ணிலோ வாயிலோ போகக் கூடாது. நாய் கவ்வினால்தான் ஆபத்து: வாயில் நுரை தள்ளும், தலையை உதறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். சால்மொனெல்லா கிருமியும் இவற்றின் உடலில் இருக்கலாம். அதனால் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொடும் முன் சோப்பு இல்லாமல் கழுவ வேண்டும். மகளுக்கு இந்த வரிசையைச் சொல்லிக்கொடுங்கள்.

ஜூன் 12

அடியில் என்ன போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரளைக்கல் வேண்டவே வேண்டாம். பூச்சியோடு சேர்த்துக் கல்லையும் விழுங்கி, குடல் அடைத்துக்கொள்ளும். உரம் கலக்காத மண்ணோ, கழுவிய தென்னை நார்த்தூளோ, அது புதைந்துகொள்ளும் ஆழத்துக்குப் போடுங்கள். ஒரு பக்கம் ஈரமாகவும் இன்னொரு பக்கம் சற்றுக் காய்ந்தும் இருக்கட்டும், எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். முழுக்கச் சேறாக வைத்தால் தோலில் கிருமித் தொற்று வரும். தொடையும் வயிறும் சிவந்து போனால் ஏரோமோனஸ் எனும் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், கைவைத்தியம் வேலை செய்யாது.

ஜூன் 13

இரண்டு நாளாக இதை எழுதுவதா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். இந்தக் குட்டியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். படத்தில் வயிறு உருண்டிருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் இப்போதே விடச் சொல்கிறேன், இப்போது விட்டால் அது பிழைக்கும் நிலையில் இருக்கிறது. தேரை பத்தாண்டுக்கு மேலும் வாழும் உயிர். அத்தனை ஆண்டுக்கு உயிருள்ள இரை தேடித் தர முடியும் என்றால் அது வேறு பேச்சு. அப்படியே ஆசை இருந்தாலும், வளர்ப்பில் பிறந்த ஒன்றை வாங்குவது நல்லது. காட்டில் பிடித்ததற்கு நுரையீரல் புழு இருக்கலாம், அடைபட்ட மன அழுத்தத்தில் அந்தப் புழு மேலோங்கும்.

விடும் முன் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். வீட்டில் வேறு தவளை, ஆமை, மீன்தொட்டி எதாவது உண்டா? அதன் தண்ணீர், வலை, இடுக்கி எதையாவது இதற்கும் பயன்படுத்தினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், கைட்ரிட் பூஞ்சை. 1999இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். தவளையின் தோலில் வளர்ந்து, தோல் வழியாக நடக்கும் உப்புப் பரிமாற்றத்தை நிறுத்திவிடும், கடைசியில் இதயம் நிற்கும். உலகம் முழுக்க 501 இனங்களாவது இதனால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தவளைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோன மனிதர்கள்தான் அதைப் பரப்பினார்கள். வளர்ப்புத் தொட்டியின் தண்ணீர் பட்ட தேரையை வெளியே விடுவதும் அதே வேலைதான். வேறு எதனோடும் கலக்காமல், எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டால் அந்தப் பயம் இல்லை.

ஜூன் 14

'வேறு எதுவும் வளர்க்கவில்லை, டப்பாவும் புதிது' என்ற பதிலைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் அதே செடித்தொட்டிப் பக்கம், அந்தி நேரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது விடுங்கள். 'இன்னும் நல்ல குளம் ஒன்று தெரியும்' என்று தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டித் தேரைக்குக் குளம் தேவையில்லை. ஒளிய இடமும் ஈரமும் பூச்சியும் போதும். டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள், சாய்த்து வையுங்கள், அதுவே நடந்துபோகும்.

டப்பாவில் மீதமிருக்கும் மண்ணை வெந்நீர் ஊற்றிக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

ஜூன் 15

மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உடைந்த தொட்டி ஒன்றை, விளிம்பில் ஒரு வாசல் இருக்கும்படி, நிழலில் கவிழ்த்து வைக்கட்டும். உள்ளே தரை வெறும் மண்ணாக இருக்கட்டும். பக்கத்தில் ஆழமில்லாத தட்டு, ஏறி வர ஒரு கல், தினமும் புதுத் தண்ணீர். சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் குவித்து வைத்தால் நான் மேலே சொன்ன அத்தனை நுண்பூச்சியும் அங்கே தானாக வரும். அந்தப் பக்கம் பூச்சிமருந்தோ நத்தை மருந்தோ தெளிக்க வேண்டாம். இரவில் வெளிவிளக்கு எரிந்தால் பூச்சியைத் தேடித் தேரை வரும்; டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 28

விட்ட இடத்துக்கருகில் ஒன்று தென்பட்டதாகவும், அது அதே தேரைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதுகின் கறைகளும் மேடுகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக இருக்கும். ஜூன் 5 அன்று போட்ட மேற்பக்கப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வலது தோளுக்குக் கீழே முக்கோணமாக மூன்று மேடு இருந்ததே, அதிலிருந்து தொடங்குங்கள். வளர வளரக் கறையின் அடர்த்தி மாறும், இடம் அவ்வளவாக மாறாது.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நாளும் இடமும் சேர்த்து ஏற்றுங்கள். உங்கள் பகுதித் தேரைகளைத் தெரிந்தவர்கள் அங்கே பார்ப்பார்கள். பரோட்டாய்டு தெளிவாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்ததும் இன்னொரு பக்கவாட்டுப் படம் போட்டால் இனம் வரை பெயர் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.